எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்

ஆர்டரைக் காலையிலயே எழுதி முடிச்சாச்சு. ஹியரிங் மூணு மணிக்கு. சமைச்சு வச்சுட்டுத்தானே விருந்தாளியக் கூப்பிடுறோம், இதுல என்ன தப்புன்னு ஒருநாள் எனக்குக் கீழ வேலை பார்க்கிற ஹபிபுல்லாகிட்ட கேட்டேன். வந்த விருந்தாளி நான் இன்னைக்கு விரதம்னு சொல்லிட்டா என்ன மேடம் செய்வீங்கன்னு அந்த மனுஷன் சிரிச்சார். இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லையேன்னேன். நெசமாவே சொன்னதில்லை. எல்லாரும் ஸ்கிரீன்ல தலையக் காட்டுவாங்க, தொண்டையச் செருமிக்கிட்டு நான் பேசுறது கேக்குதா மேடம்னு கேப்பாங்க, கொண்டு வந்ததை வரி விடாம வாசிப்பாங்க, நான் தலையாட்டுவேன், போயிருவாங்க. அப்புறம் எழுதி வச்சதோட அடியில எப்பவும் போடுற பத்தியை ஒட்டுவேன். விண்ணப்பதாரரின் வாதங்கள் கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டன, ஆயினும் ஏற்கத்தக்கனவாக இல்லை. இங்கிலீஷ்ல அது இன்னும் அழகா இருக்கும், படிக்கிறவனுக்கு அடி விழுந்ததே தெரியாது. இன்னைக்கு வரப்போற ஆளு இன்னும் வாயையே திறக்கல, நான் கவனத்தோட பரிசீலிச்சாச்சு. டிபன் பாக்ஸக் கழுவிக் கவுத்திட்டு வந்து உக்காந்தா ஏசி மறுபடியும் சொட்டுது. கீழ வச்ச வாளி பாதிக்கு மேல நெறஞ்சிருக்கு. எடுத்துக் கொட்டணும்னு ஒருத்தருக்கும் தோணாது, சுத்திப் போவாங்க. நாளைக்கு எவனாவது வழுக்கி விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டா மட்டும், அடடா, இது தெரிஞ்ச விஷயந்தானேன்னு கூட்டமா வந்து நிப்பாங்க. தெரிஞ்ச விஷயம். அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்கு இப்பல்லாம் எந்திரிச்சுப் போயிரலாம்னு இருக்கு. ஆனா நாள் பூரா அதைத்தான் எழுதிக்கிட்டிருக்கேன்.

காப்புரிமை ஆபீஸ்ல அதிகாரின்னு சொன்னா கல்யாண வீட்ல பக்கத்து நாற்காலிக்காரங்க கண்ணு விரியும். ஓ, விஞ்ஞானிகளோட பழகுற வேலையான்னு கேப்பாங்க. பழகுறதாவது ஒண்ணாவது. ஒருத்தன் வருஷக்கணக்கா மண்டைய ஒடச்சு இதை நான் கண்டுபிடிச்சேன்னு எழுதி அனுப்புவான், அது ஏற்கெனவே உலகத்துல எவனாவது சொல்லிட்டுப் போனதான்னு நாங்க தேடிப் பார்க்கணும். அப்படியே அச்சு அசலா ஒருத்தன் சொல்லியிருந்தா வேலை சுளுவு, புதுசு இல்ல, போய்ட்டு வா. சொல்லலைன்னா அடுத்த கேள்வி. சட்டத்துல ஒரு ஆளு இருக்கான், துறையில தேர்ந்தவன்னு பேரு. உலகத்துல அச்சான அத்தனையும் அவனுக்குத் தெரியும், ஜப்பான்காரன் எழுதினதும் தெரியும், ஜெர்மன்காரன் எழுதினதும் தெரியும், ஒண்ணும் மறக்காது. ஆனா சொந்தமா ஒரு துளி யோசனை கிடையாது அந்த மூதேவிக்கு. அவன் ரெண்டு பழைய பேப்பரைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா இது தானாத் தோணியிருக்குமா, தோணியிருக்காதா? தோணியிருக்கும்னா விண்ணப்பம் செத்துச்சு. இவ்வளவுதான் வேலை. இருபது வருஷமா அந்த இல்லாத ஆளோட மண்டைக்குள்ள உக்காந்து குடித்தனம் நடத்துறேன், கூட இருந்த ஆளோட மண்டைக்குள்ள என்ன ஓடுச்சுன்னு தெரியல. முன்னெல்லாம் அவன் எப்படி இருப்பான்னு நெனச்சுப் பார்ப்பேன். கண்ணாடி போட்டிருப்பான், சட்டையில இங்க் கறை இருக்கும், சாப்பாட்டுல உப்பு இல்லைன்னாக்கூடச் சொல்ல மாட்டான். அவனுக்குப் பொண்டாட்டி கிடையாது, புள்ள கிடையாது, சொந்தக்காரங்க கிடையாது, கல்யாணம் கருமாதி எதுக்கும் போக வேண்டாம். தோள் வலிக்காது.

தோளுன்னதும் மதினி ஞாபகம் வந்துருது, என்ன செய்ய. சாப்பிட உக்காந்தப்பதான் போன் வந்துச்சு. எங்க வீட்டுக்காரரோட அக்கா, சங்கரவடிவு மதினி, தென்காசியிலருந்து. வர்ற மாசம் அவுகளுக்குத் தலைத்திவசம், சமையலுக்கு யாரைச் சொல்லணும், எத்தனை இலை விழும், எல்லாத்தையும் கேட்டுட்டு, நானும் மோர்ச்சோத்தக் கையில வச்சுக்கிட்டே ம்ம், ம்ம்னு சொல்லிக்கிட்டிருந்தேனா, கடைசியில அந்த ஒரு பெருமூச்சு. அது வந்துச்சுன்னா அடுத்து என்ன வரும்னு எனக்குத் தெரியும். “எல்லாம் நம்ம தலையெழுத்து நாயகி. ஆனாலும் இடது தோளு வலிச்சா நெஞ்சுதாம்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமேட்டீ. நீ இஞ்சினியருக்குப் படிச்சவா.” ஒரு வருஷமா இதே பாட்டு. நடுவீட்டுல அவுகளக் கெடத்தியிருக்கும்போதே ஊர் முன்னால சொன்னா. அதுக்கு மொத நாள் வரைக்கும் இந்தச் சின்னப் பிள்ளைங்க எல்லாம் எங்கன போயிருந்துச்சுங்க? இதே மதினி அந்த வாரம் போன் பேசினா, அவுகளே எடுத்துத் தோள் வலிக்கு, அக்கான்னு சொன்னாக, சுடுதண்ணி ஒத்தடம் குடுன்னு சொன்னது யாரு? லிஃப்ட் வேலை செய்யலைன்னு கேஸ் சிலிண்டரைத் தோள்ல தூக்கிட்டு மாடி ஏறினாக. அப்படித் தூக்கின மனுஷனுக்குத் தோள் வலிக்கும். அதுவும் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தான். தைலம் தேச்சுவிட்டேன், நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் அழுத்துன்னாக. அழுத்தினேன். இந்தக் கையாலதான் அழுத்தினேன். அது நெஞ்சுலருந்து வர்ற வலின்னு இப்பத் தெரியுது, இப்ப அது மட்டுந்தான் தெரியுது, அந்த சிலிண்டரு, ஒத்தடம், லிஃப்ட்காரன், எல்லாம் மறைஞ்சு போச்சு. பதிலைப் பார்த்துட்டு வந்து கணக்குப் போட்டா எந்தக் கணக்கும் சுலபந்தான். எங்க ஆபீஸ்ல இதுக்குப் பேரு உண்டு, வேலைக்குச் சேர்ந்ததும் சொல்லிக் குடுப்பாங்க. கண்டுபிடிப்பைப் படிச்சுட்டு அப்புறமா இது சாதாரணம்னு சொல்லாதே, பின்னாலருந்து பார்க்காதேன்னு. மதினிக்கு அந்த ட்ரெய்னிங் குடுக்கலை. குடுத்த எனக்கு மட்டும் என்ன வந்துச்சு.

சரி, இந்த ஆளோட விண்ணப்பத்துக்கு வருவோம். வயர்லெஸ், கீழயிருந்து மேல போற சிக்னல், அலைவரிசை தாவுற முறை. பேரைக் கேட்டா பயமா இருக்கும், விஷயம் லேசு. நெறய பேரு ஒரே நேரத்துல ஒரே டவருக்குப் பேசினா ஒருத்தன் குரல் மேல இன்னொருத்தன் குரல் விழுந்து எதுவும் கேக்காது. அதனால ஒவ்வொரு கருவியும் ஒரே அலைவரிசையில நிக்காம இதுலருந்து அதுக்கு, அதுலருந்து வேற ஒண்ணுக்குத் தாவிக்கிட்டே அனுப்பும். எப்பத் தாவணும், எதுக்குத் தாவணும், அதுக்குத்தான் ஆயிரம் முறை, அதுக்குத்தான் பெரிய கம்பெனிங்க மூட்டை மூட்டையா விண்ணப்பம் போடுது. அவனுங்க அனுப்புறது பூராவும் வக்கீல் பாஷை, ஒரு வாக்கியம் ஒரு பக்கத்துக்கு ஓடும், மூச்சு விடக்கூட முற்றுப்புள்ளி கிடையாது. இந்த ஆளு வக்கீல் வைக்கல, அவரே எழுதியிருக்கார். தூத்துக்குடிக்குத் தெக்க ஒரு கடற்கரை ஊரு, பாலிடெக்னிக்ல வாத்தியார், பேரு பெர்க்மான்ஸ். மீன்பிடிப் படகுல ஆபத்துன்னா கரைக்குச் சொல்ற பெட்டி ஒண்ணு இருக்கும். புயல்ல எல்லாப் படகும் ஒண்ணா அலறும், ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கரையில ஒண்ணும் கேக்காது. அதுக்கு இவர் சொல்றது, கடிகாரம் பார்த்துத் தாவ வேண்டாம், அலையப் பார்த்துத் தாவு. படகு அலைக்குக் கீழ கெடக்கும்போது சுத்தித் தண்ணிச் சுவரு, கத்தினாலும் வெளிய போகாது, சும்மா இரு. அலை மேல தூக்கி உச்சிக்குக் கொண்டு வந்ததும் தாவு, அந்த நொடியில அனுப்பு. ஒரு படகு உச்சியில இருக்கும்போது அடுத்த படகு பள்ளத்துல இருக்கும், அதனால மோதலும் தானாக் கொறையும். கடலே முறை வச்சுக் குடுக்கும். அவ்வளவுதான். படிச்சு முடிச்சதும் எனக்கு வந்த மொத எரிச்சல், இவ்வளவுதானா, இது யாருக்குத்தான் தெரியாதுங்கறது.

ஹபிபுல்லா தேடிக் குடுத்த பழைய பேப்பரு ரெண்டு. ஒண்ணுல கருவியோட நம்பரை வச்சு, கடிகாரக் கணக்குல தாவுறது இருக்கு. இன்னொண்ணுல கப்பல் மேல இருக்கிற ஆன்டெனா ஆட்டத்துக்குத் தக்கன சாய்ஞ்சு குடுக்குறது இருக்கு. ரெண்டையும் சேர்த்தாலும் நடுவுல ஒரு ஓட்டை. அலை உச்சியில தாவுன்னு ரெண்டு பேருமே சொல்லலை. எடுத்தப்பவே அந்த ஓட்டை தெரிஞ்சுது. ஹபிபுல்லா கூடக் கேட்டார், “மேடம், இது கொஞ்சம் இடிக்குதே, இதுக்கு ஆதாரம்?” நான்தான் ஹியரிங் நோட்டீஸ்ல சொந்தமா ஒரு வரி சேர்த்தேன். அலையின் உச்சியில் இருக்கும்போது சிக்னல் தடையின்றிச் செல்லும் என்பது இத்துறையினர் அனைவரும் அறிந்த பொது அறிவு. பொது அறிவுன்னு போட்டுட்டா ஆதாரம் கேக்க மாட்டாங்க. மாசக் கடைசி, முடிக்க வேண்டியது நெறய கெடந்துச்சு, எழுதினேன், விட்டேன். இப்ப மூணு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு, இந்த வரி ஏன் பல்லுல மாட்டின கருவேப்பிலை மாதிரி நெருடுது? அனைவரும் அறிந்த. நான் எங்க அறிஞ்சேன்? காலேஜ்ல படிச்சேனா? ஆன்டெனா பாடம் எடுத்த சாருக்குக் கடலைக் கண்டாலே ஆகாது, தண்ணின்னா உப்புத்தண்ணி பிரதிபலிப்புன்னு ஒரு சமன்பாடு, அதோட சரி. அலை மேல ஏறி எறங்குற படகப் பத்தி அவர் பேசினதே இல்ல. வேலைக்குச் சேர்ந்தப்புறம் ஏதாவது பேப்பர்லயா? தேடிப் பார்த்தேனே. காலையில ஆர்டர் எழுதும்போதுகூட அடிக்குறிப்புல போட ஏதாவது கெடைக்குமான்னு தேடினேன், ஒண்ணும் கெடைக்கல, சரி பொது அறிவுதானே, இதுக்கு எதுக்கு அடிக்குறிப்புன்னு விட்டுட்டேன். அப்ப எனக்கு எப்படித் தெரியும்? தெரியும், அதுல சந்தேகமே இல்ல, பொறந்ததுலருந்து தெரிஞ்ச மாதிரி தெரியுது. அதான் நெருடுது. நாயகி, சும்மா இரு. மணியாச்சு. ஹபிபுல்லா டீயோட வந்து பக்கத்து நாற்காலியில உக்காந்தாச்சு. “ஆர்டர் ரெடியா மேடம்?”னு கண்ணாலயே கேக்குறார். ஆமாய்யா, ரெடி.

ஸ்கிரீன்ல மொதல்ல ஒரு சுவரு வந்துச்சு, அப்புறம் மாதா படம், அப்புறம் ஒரு காது, அப்புறம் முகம். கறுத்து, கன்னம் ஒட்டி, வெள்ளைச் சட்டைய மேல் பட்டன் வரைக்கும் போட்டுக்கிட்டு, இன்டர்வியூவுக்கு வந்த பையன் மாதிரி. தலை பாதி நரைச்சிருக்கு. “வணக்கம் மேடம். தமிழ்ல பேசலாமா மேடம்? இங்கிலீஷ்ல எழுதிருவேன், பேசும்போது நடுங்கும்.” பேசுங்கன்னேன். இவர் பேசுற தமிழக் கேட்டதும் எனக்கு வேற மாதிரி ஆகிப்போச்சு, இது எங்க பக்கத்துப் பேச்சு, ஆபீஸ்ல நான் கழட்டி வச்சுட்டு வர்ற பேச்சு. வாசிக்கப் போறார்னு நெனச்சேன், வாசிக்கல. கையில பேப்பரே இல்ல. “மேடம், உங்க நோட்டீஸ்ல ரெண்டு பழைய முறை சொல்லியிருக்கீங்க, ரெண்டும் சரிதான், நான் மறுக்கல. மூணாவதா ஒண்ணு எழுதியிருக்கீங்க. இந்தத் துறைக்காரங்க எல்லாருக்கும் தெரியும்னு. நானும் இந்தத் துறைக்காரன்தான் மேடம். இருபது வருஷமா வயர்லெஸ் பாடம் எடுக்கேன். எனக்குத் தெரியாது.” தெரியாதுங்கறத அந்த ஆளு சொன்ன விதம், வாதம் மாதிரி இல்ல. நான் எப்பவும் சொல்றதைச் சொன்னேன், தனிப்பட்ட ஒருத்தருக்குத் தெரியுமா தெரியாதாங்கறது கேள்வி இல்ல, சட்டம் சொல்ற ஆள் வேறன்னு. “அந்த ஆள் யாரு மேடம்?” ஹபிபுல்லா டீய உறிஞ்சுறத நிறுத்திட்டார். அப்படி ஒருத்தர் கிடையாது, கற்பனைன்னேன். “அப்ப அவருக்குத் தெரியும்னு யாரு சொன்னா?” அதிகாரி சொல்றதுதான், அது எங்க மதிப்பீடுன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கல.

அந்த ஆளு நாற்காலிய முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டார். அப்புறம் சொன்னார். “மேடம், எங்க ஊர்ப் படகுகளுக்குப் பழைய பெட்டி மாட்டினது நான்தான். கடிகாரம் வச்சுத் தாவுற பெட்டி. காலேஜ் திட்டத்துல செஞ்சு, நானே படகு படகா ஏறி மாட்டினேன். என் தம்பி ததேயு படகுலயும் நான்தான் மாட்டினேன். நீ ஒரு பட்டனை அமுக்குடா, கரையில நான் கேட்டுருவேன்னு சொன்னேன். அந்தப் புயல்ல அவன் அமுக்கியிருப்பான் மேடம். கரையில நான் ராவும் பகலும் மெஷின் முன்னால உக்காந்திருந்தேன், ஒண்ணும் வரல, அவனும் வரல. பொறவு திரும்பி வந்த படகுகள்ல இருந்த பெட்டிகளைக் கழட்டி, எப்ப அனுப்புச்சு, அப்பப் படகு எப்படிச் சாய்ஞ்சிருந்துச்சுன்னு ஒண்ணோட ஒண்ணா வச்சுப் பார்த்தேன். பள்ளத்துல கெடக்கும்போது அனுப்பினது ஒண்ணுகூட வந்து சேரல. அப்பத்தான் மேடம் எனக்குத் தெரியும். அதுக்கு முன்னால தெரியாது. ஊர்ல என்னைய வையுதாங்க, படிச்ச பய, மாட்டும்போதே தெரிஞ்சிருக்கணும்னு. நான் சொல்லுவேன், யாருக்கும் தெரியாதுய்யா, உலகத்துல எவனுக்கும் தெரியாது, வேணும்னா பாருங்க, கவர்மென்டுக்கே எழுதிப் போட்டிருக்கேன்னு. தம்பி சம்சாரம் அமலி மட்டும் நம்புனா. இப்ப உங்க நோட்டீஸ் வந்துச்சா, அக்கா மக படிச்ச பிள்ளை, அதை அவளுக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டிருச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னு. அன்னையிலருந்து அவ எங்கூடப் பேசல. எனக்குப் பேட்டன்ட் வந்து எந்தக் கம்பெனிக்கும் விக்கப்போறதில்ல மேடம்.” இதைச் சொல்லிட்டு மூக்கைத் துடைச்சுக்கிட்டார். இது சம்பந்தமில்லாத விஷயம், பதிவுல வராதுன்னு சொல்லணும், அதுதான் முறை. அப்பத்தான் அவர் நிமிந்து என்னைப் பார்த்தார், ஸ்கிரீன்ல பார்த்தா கண்ணு நேரா வராது, கொஞ்சம் கீழதான் விழும், ஆனா எனக்கு நேரா விழுந்துச்சு. “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்களுக்கு இது எப்பத் தெரியும்?”

எப்பத் தெரியும். ஏசி சொட்டு வாளியில விழுற சத்தம் கேக்குது. ஒரு பொய் போதும், பாடப்புத்தகத்துல இருக்குன்னா முடிஞ்சுது, எந்தப் புத்தகம்னு கேக்குற தைரியம் இவருக்கு வராது. வந்தாலும் வந்துரும், இந்த ஆளுக்கு. எப்பத் தெரியும் நாயகி, சொல்லு. கல்யாணமான புதுசுல திருச்செந்தூர் போனோம், கரையில ஈர மணல்ல அவுக செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னு, அங்க பாரு, படகு முங்கி முங்கி எந்திக்குன்னாக. பார்த்தேன். ஒரு படகு இல்லாமப் போகும், மறுபடி வரும். எனக்குப் பக்குன்னு இருந்துச்சு, அவுக கையப் பிடிச்சுக்கிட்டேன். அப்பவே தெரியுமா அப்ப? பார்த்தேன், பார்த்தேனே தவிர, அங்கருந்து ஒருத்தன் கூப்பிட்டாக் கேக்காதுன்னு தோணுச்சா? தோணல. வலிக்குது வலிக்குதுன்னு பக்கத்துல படுத்து ஒருத்தர் சொன்னாக, பார்த்தேன், அழுத்தினேன், தோணல. பார்க்கிறது வேற, தெரியறது வேற. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு மனுஷன் செத்துப் போயிரலாம். எனக்கு இது எப்பத் தெரியும்னா, இந்த ஆளு எழுதி அனுப்பின விண்ணப்பத்தோட நாலாம் பக்கத்துல தெரியும். அவர் சொல்லிக் குடுத்ததைப் படிச்சு, படிச்ச கையோட இது எனக்கு முன்னாடியே தெரியுமேன்னு அவருக்கே திருப்பி எழுதியிருக்கேன். பொது அறிவாம். அவர் தம்பி செத்துத் தெரிஞ்ச அறிவு. சீ. சரி, இப்ப என்ன செய்யப் போறே? இவருக்குத் தெரியாதுன்னு எழுதினா, தெரியாம இருந்தது குத்தமில்லைன்னு எழுதின மாதிரி. அதை எழுதுறது யாரு? தைலம் தேச்ச கை. இவரை விடுவிக்கிற சாக்குல நான் என்னையும் விடுவிச்சுக்கிறேனோ? இதுவும் ஒரு லஞ்சந்தானோ? வெளிய யாருக்கும் தெரியாத லஞ்சம். யோசிடி, வேலையாப் பாரு, அழாம பாரு. மொதப் பேப்பர்ல கடிகாரம். ரெண்டாவது பேப்பர்ல சாயுற ஆன்டெனா. என் வரிய அடிச்சுட்டா நடுவுல ஒண்ணும் கிடையாது. அவுக உயிரோட இருந்து, ராத்திரி எனக்காக ஊத்தப்பம் வாங்கிட்டு வர்ற நாளா இருந்தாலும் ஒண்ணும் கிடையாது. தம்பி செத்தாலும் கிடையாது, சாகாட்டாலும் கிடையாது. நான் நல்லவளானதுனால அந்த வரி தப்பாகல, மொதல்லருந்தே தப்பு. அப்படின்னு நெனைக்கும்போதும் உள்ள ஒரு குரல், வசதியா இருக்கு இல்லன்னு கேக்குது, மதினி குரல்தான். கேட்டுட்டுப் போகட்டும்.

“உங்க விண்ணப்பத்தப் படிச்சப்பதான் தெரியும்”னு சொன்னேன். ஹபிபுல்லா சட்டுனு என்னைத் திரும்பிப் பார்த்தார். “அதுக்கு முன்னால எனக்குத் தெரியாது. அந்த வரிக்கு எங்ககிட்ட ஆதாரம் எதுவும் இல்ல. ஹபிபுல்லா, இதைப் பதிவுல போட்டுக்கோங்க.” போடணுமா மேடம்னு அவர் முணுமுணுத்தார். மேல இருக்கிறவங்க படிச்சா எனக்கு என்ன ஆகும்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆதாரமில்லாம நோட்டீஸ் குடுத்தேன்னு அதிகாரி தன் வாயால சொல்லிப் பதிவாகுறது எங்க ஆபீஸ்ல வழக்கம் கிடையாது. போடுங்கன்னேன். அந்த ஆளுக்கு ஒண்ணும் புரியல. பாவம், இல்ல இல்லன்னே கேட்டுப் பழகின காது. “அப்ப ரிஜெக்ட்டா மேடம்?”னு கேட்டார். இல்லைங்க, ஆட்சேபணைய விலக்கிக்கிறேன், உங்களுக்குக் குடுக்கச் சொல்லி ஆர்டர் போடுவேன்னேன். காலையில எழுதினதைத் திறந்து, கடைசிப் பத்தி வரைக்கும் அழிச்சேன். “மேடம், ஒரே ஒண்ணு”ன்னார். “யாருக்கும் தெரியாதுன்னு எழுதுவீங்களா? அந்த வார்த்தையாவே?” சட்டத்துல அந்த வார்த்தை கிடையாது, துறையில தேர்ந்தவருக்குத் தானாகத் தோன்றியிருக்காதுன்னுதான் எழுதுவோம். அது போதுமான்னு கேட்டேன். “அவளுக்கு அது புரியாதே மேடம். நீங்களே வாயால சொல்லிருதீங்களா? அடுக்களையிலதான் நிக்கா, எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா.”

அவ வந்தா. மெல்லிசு, தலைய வாரி இறுக்கி முடிஞ்சிருந்தா, கழுத்துல ஒரு செபமாலை, வேற ஒண்ணும் கிடையாது. கை ஈரமா இருந்திருக்கும், சேலையில துடைச்சுக்கிட்டே நின்னா. அவர் நாற்காலிய விட்டு எந்திரிச்சுச் சுவரோட ஒட்டி நின்னுக்கிட்டார். இந்த மாதிரி ஒரு ஹியரிங்க நான் நடத்தினதே இல்ல, விண்ணப்பதாரர் அல்லாதவர் பேசக் கூடாதுன்னு விதியே இருக்கு. இருக்கட்டும். “அமலி”ன்னு கூப்பிட்டேன். ஆபீஸ்ல வச்சு எங்க ஊர்ப் பேச்சு எனக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியல. “நான் எழுதினது தப்பும்மா. இது யாருக்கும் தெரியாது. எங்க ஆபீஸ்ல தெரியாது, ஜப்பான்காரனுக்குத் தெரியாது, இவியளுக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா மாட்டும்போதே செஞ்சிருப்பாக.” சொல்லிட்டு நல்லது செஞ்சுட்டேன்னு ஒரு நிம்மதி எனக்கு, சொன்னா வெக்கம், ஆனா இருந்துச்சு. அவ அந்தப் பக்கம் திரும்பி அவரைப் பார்த்தா. ரொம்ப நாளைக்கப்புறம் பார்க்கிறா போல, கால்லருந்து தலை வரைக்கும் பார்த்தா. அவர் உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினா. அழல. குரல் உயரல. “யாருக்குமே தெரியாதாம்மா?”ன்னு கேட்டா. தெரியாதும்மான்னேன். “அத்தானுக்கும் தெரியாது?”ன்னு அவரைக் காட்டிக் கேட்டா. தெரியாது.

“அப்பம் நான் இனி யாரை வைய?”

ஹபிபுல்லா கண்ணாடியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டார். நான் ஸ்கிரீன அணைக்கல. அவ பதில் வாங்காமப் போறதா இல்ல, அங்கயே நின்னுக்கிட்டிருந்தா.